வீட்டுக்குச் சோலார்: 2, 3, 5 கிலோவாட்டில் எது சரி? முன்பணமாக எவ்வளவு கொடுக்கலாம்?

திருநகர் வாசி, மதுரை:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு ஏசி, ஒரு போர்வெல் மோட்டார், ஒரு ஃபிரிட்ஜ் இருக்கின்றன. கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். யூனிட் கணக்கு: 430, 560, 820, 760, 600, 450. அந்த 820 யூனிட் கோடைக்கால பில். அதற்கு மட்டும் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டிக் கட்டினேன்.

சோலார் அமைத்துத் தரும் ஒருவர் வந்து மாடியைப் பார்த்தார். "இடம் தாராளமாக இருக்கிறது, 5 கிலோவாட் போடுங்கள், மொத்தம் 3,10,000 ரூபாய்" என்றார். 3 கிலோவாட் என்றால் 1,95,000, 2 கிலோவாட் என்றால் 1,50,000 என்கிறார். 90 விழுக்காடு முன்பணம் கேட்கிறார். மானியத்தைத் தாமே வாங்கிக் கழித்துக்கொள்வதாகவும் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மின் இணைப்பு காலமான என் தந்தையின் பெயரில்தான் இன்னும் இருக்கிறது. இது இடைஞ்சலாகுமா?

உறையூர் வாசகி:

முதலில் பெயர் மாற்றம், தம்பி. மற்றதெல்லாம் பிறகு. வீட்டு மாடிச் சோலாருக்கு மானியம் தரும் ஒன்றிய அரசின் பி.எம். சூரிய கர் திட்டத்தில் மின் இணைப்பு எண்ணை வைத்துத்தான் பதிவு செய்கிறோம். இணைப்பு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் பொருந்தவில்லை என்றால் மானியம் பாதி வழியில் நின்றுவிடும். வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களின் சம்மதத்தையும் வாங்கி, உங்கள் பெயருக்கோ அம்மாவின் பெயருக்கோ மாற்றிவிடுங்கள்.

மானியத்தைத் தாமே வாங்கிக் கழித்துக்கொள்வேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். அந்தப் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.

ஓய்வுபெற்ற மின் பொறியாளர்:

பில்களை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் மாடியின் பரப்பைச் சொல்லி எத்தனை கிலோவாட் என்று கேட்கிறார்கள். மாடியின் பரப்பு எவ்வளவு போட முடியும் என்பதை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு போட வேண்டும் என்பதைப் பில்தான் சொல்லும்.

உங்கள் ஆறு பில்களின் கூட்டுத்தொகை 3,620 யூனிட். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஆண்டுக்கு 1,460. ஆக 2 கிலோவாட் 2,920 யூனிட்டும், 3 கிலோவாட் 4,380 யூனிட்டும், 5 கிலோவாட் 7,300 யூனிட்டும் தரும். அந்த 7,300 யூனிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் நமக்கு எப்படியும் இலவசம். ஆண்டுக்கு 600 யூனிட்டை ஈடுகட்டச் சோலார் தேவையே இல்லை. மீதி 3,020. 2 கிலோவாட்டே ஏறக்குறைய அதைத் தொட்டுவிடுகிறது. சோலார் முதலில் வெட்டுவது பில்லின் உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்களை. 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் 480 யூனிட் தரும். உங்கள் 820 யூனிட்டில் அந்த 480 குறைந்து 340 ஆகிவிட்டால், ஐயாயிரம் ரூபாய் பில் ஆயிரத்தைச் சுற்றி வந்து நிற்கும்.

மானியத்தைப் பார்த்தால், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. உச்சவரம்பு 78,000. 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். இதை விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மானியம் போக 2 கிலோவாட் உங்களுக்கு 90,000 ரூபாய், 3 கிலோவாட் 1,17,000 ரூபாய். இடையில் 27,000தான் வித்தியாசம். அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரும் என்றால் 3 போடுங்கள். இல்லையென்றால் 2 போதும். 5 வேண்டவே வேண்டாம்.

விலைப்பட்டியலில் இரண்டைச் சரிபாருங்கள். உள்நாட்டில் செய்த செல்களைக் கொண்ட பேனல்களுக்கு மட்டுமே மானியம் உண்டு. பேனலுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய வரியைப் போட்டிருந்தால் கேளுங்கள்.

உறையூர் வாசகி:

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். நான் முழுத்தொகையையும் முன்பே கொடுத்துவிட்டுப் பட்ட பாடு போதும். பேனல் ஏறிய பிறகு, நாம் வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டருக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். மாடியில் பேனல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, கீழே நான் பழைய பில்லையே கட்டிக்கொண்டிருந்தேன். அமைத்தவர் போனை எடுக்கவில்லை. பொருள் வீட்டில் இறங்கியதும் ஒரு பங்கு, மாட்டி முடித்ததும் ஒரு பங்கு, நெட் மீட்டர் ஓடிய பிறகு கடைசிப் பங்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பணம் இல்லையென்றால் பொதுத்துறை வங்கிகள் 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் தருகின்றன.

திருநகர் வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. மகள் அறைக்கு அடுத்த கோடையில் ஏசி வைக்க நினைத்திருக்கிறோம், அதனால் 3 என்று முடிவு செய்கிறேன். மின்வெட்டில் இது ஓடுமா? தண்ணீர்த் தொட்டி மாடியின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது, அதுவும் கவலையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற மின் பொறியாளர்:

மின்வெட்டில் ஓடாது. உங்கள் மாடி மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போய்விடாமல், அதில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்குப் பாதுகாப்பாகச் சோலார் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். வீட்டிலிருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நிழலை அலட்சியப்படுத்தாதீர்கள். பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் வரிசை முழுவதன் உற்பத்தியையும் கீழே இழுக்கும். இப்போது மார்கழி, நண்பகல் நிழல் வடக்கே மிக நீளமாக விழும் காலம். அளக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்றரை மணிக்குத் தொட்டி நிழலின் ஓரத்தைத் தரையில் கோடிடுங்கள். அந்தக் கோடுகளுக்குள் ஒரு பேனலும் வரக்கூடாது.

திருநகர் வாசி:

நேற்று கோடிட்டேன். தொட்டி தரையிலிருந்து ஆறடி உயரம். பன்னிரண்டு மணிக்கு நிழல் வடக்கே நாலடி விழுந்தது, மூன்றரைக்கு வடகிழக்கே பத்தடியை நெருங்கிவிட்டது. அமைப்பவர் காட்டிய வரைபடத்தில் இரண்டு பேனல்கள் சரியாக அந்தக் கோட்டுக்குள் வருகின்றன. படம் எடுத்து அனுப்பினேன், மேற்கு ஓரத்துக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டார். தவணையாகப் பணம் தருவதற்கும் சம்மதித்துவிட்டார். பெயர் மாற்ற விண்ணப்பத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். அம்மாதான் கையெழுத்துப் போட்டார்.

உறையூர் வாசகி:

அம்மாவின் பெயர் வங்கிப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, அதே முன்னெழுத்தோடு விண்ணப்பத்திலும் இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள், தம்பி.