முதல் வாரம் 11 பேர், மூன்றாம் வாரம் 4 பேர். கைபேசி சொல்லித்தருவதில் எங்கே தவறுகிறேன்?

புதியவன்:
நூலகத்தில் வாரம் ஒரு மணி நேரம், இணையம் பழகாதவர்களுக்குக் கைபேசி சொல்லித்தருகிறேன். சம்பளம் கிடையாது, நானாக விரும்பி எடுத்துக்கொண்ட வேலை. இணையம் என்றால் என்ன, பிரௌசர் என்றால் என்ன, மின்னஞ்சல் தொடங்குவது எப்படி என்று வரிசையாகத்தான் போகிறேன். தலையாட்டுகிறார்கள், அடுத்த வாரம் கேட்டால் எதுவும் நினைவில்லை. வராமல் நின்றுவிட்ட ஒரு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு மண்டையில ஏறல தம்பி, விட்டுடுங்க" என்றார். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பழைய விசைப்பலகை:
வரிசையை மாற்றுங்கள். பிரௌசர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள யாரும் வீட்டிலிருந்து கிளம்பி வருவதில்லை. "இந்தப் போனில் ஒரே ஒரு காரியம் நீங்களே செய்ய முடியும் என்றால் எது வேண்டும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பேத்தியை வீடியோவில் பார்க்க வேண்டும் என்றால் அன்று அது மட்டும்தான், அதையும் அவரே ஐந்தாறு தடவை செய்யட்டும். 1990-ல் விண்டோஸ் 3.0-வில் சீட்டாட்டம் வந்தது, மவுஸால் பிடித்து இழுத்துவிடும் பழக்கம் பலருக்குக் கைக்கு வந்தது அந்த ஆட்டத்தில்தான், யாரும் உட்கார்ந்து பாடம் எடுக்கவில்லை. இன்னொன்று, அவர் போனைக் கையில் வாங்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் வாயால் மட்டும் சொல்லுங்கள்.

திண்ணை:
மண்டையில் ஏறவில்லை என்பவர்களில் பலருக்குச் சிக்கல் விரல்நுனியில்தான் இருக்கிறது. நம் தோல் மின்சாரத்தைக் கடத்துவதால்தான் தொடுதிரை விரலை உணர்கிறது. வயதாலோ உழைப்பாலோ தோல் காய்ந்து தடித்திருந்தால் தொட்டது பதிவாகாமல் போகலாம், உடனே பாவம் அழுத்திப் பிடிக்கிறார்கள், வேறு எதுவோ திறந்துகொள்கிறது, போனைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து கீழே வைத்துவிடுகிறார்கள். விரலை ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) என்ற பகுதிக்குள் போனால், எவ்வளவு நேரம் பிடித்தால் நீண்ட அழுத்தம் என்பதைக் கூட்டி வைக்கலாம். எழுத்தைப் பெரிதாக்குங்கள். திரை சீக்கிரம் அணையாமல் 2 நிமிடமாவது நிற்கட்டும். எழுதத் தடுமாறுபவருக்கு மைக்கைக் காட்டுங்கள், தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும்.

மாலைநேரம்:
நான் 61 வயதில் கற்றுக்கொண்டவள். மறதியைவிடப் பயம்தான் பெரிது, எதையாவது தொட்டுப் பணம் போய்விடுமோ, பிள்ளைகளின் படங்கள் அழிந்துவிடுமோ என்று. எனக்குச் சொல்லித்தந்த பெண் முதல் நாள் பின்செல்லும் பொத்தானை மட்டும் காட்டி, "எங்க மாட்டினாலும் இதை அழுத்துங்கம்மா, வெளிய வந்துடலாம்" என்றாள். அரை மணி நேரம் வேண்டுமென்றே உள்ளே போய்ப் போய்த் திரும்பி வந்தேன், அதற்கப்புறம்தான் தைரியமாகத் தொட ஆரம்பித்தேன். குறிப்பேட்டில் "பச்சை வட்டம், நடுவில் போன் படம்" என்று என் வார்த்தையில் எழுதிக்கொண்டேன், நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாளைவிட அதுதான் உதவும். அந்த அம்மாவுக்கு மறுபடி போன் செய்யுங்கள் தம்பி. தனியாக வரச்சொல்லுங்கள், பத்துப் பேர் நடுவில் தெரியவில்லை என்று சொல்ல எங்களுக்குக் கூசும்.

கடைசி பெஞ்ச்:
ஓடிபியை, அதாவது போனுக்கு வரும் ஒருமுறை ரகசிய எண்ணை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, கணக்கு தொடங்கும்போது "நம்பர் வந்துச்சா, சொல்லுங்க" என்று நாமே கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். அதைப் பார்த்து அவர் கற்றுக்கொள்வது, அன்பாகக் கேட்டால் சொல்லலாம் என்பதைத்தான். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அவரே போடட்டும், நாம் வேறு பக்கம் பார்ப்போம். கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு மின்னஞ்சலாக நம்முடையதைக் கொடுக்கவே கூடாது, நாம் இல்லாத நாளில் அவர் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

அப்புறம், சொந்தப் போன் யாரிடம் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டில் உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள், அதில் பெரும்பாலோர் சிக்னல் எட்டும் இடத்தில்தான் இருக்கிறார்கள். வீட்டில் ஒரே போன், அதுவும் சாயங்காலம்தான் கைக்கு வரும் என்றால் உங்கள் வகுப்பு நேரத்தில் அவர் எதில் பழகுவார்?

புதியவன்:
இந்தக் கடைசிக் கேள்வி என் மனதில் தோன்றவே இல்லை. அந்த அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். ஊரில் இருக்கும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமாம், அது ஒன்றுதான் வேண்டுமாம். போன் மகனுடையது, ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்றார். ஞாயிறு காலை நானே போகிறேன்.