பழைய கடல் வரைபடம்: தண்ணீர் முழுக்க எண்கள், நிலம் மட்டும் காலி. ஏன்?

மாட்டுங்கா வாசன்:
சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் பழைய மும்பைத் துறைமுகக் கடல் வரைபடம் கிடைத்தது. மேல் மூலை கிழிந்திருப்பதால் தலைப்பும் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை. நிலம் ஏறக்குறைய வெற்றுத் தாள்தான், சில குன்றுகளும் கோட்டையும் மட்டும். தண்ணீரில்தான் எறும்பு மொய்த்த மாதிரி எண்கள், சிலவற்றின் பக்கத்தில் பொடி ஆங்கில எழுத்து. கொலாபா தனித் தீவாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு கப்பலை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள்? எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

வாஷி மாலுமி:
வாசன் சார், அந்த எண்கள்தான் வரைபடமே. நம்ம மீனவர்கள் பாகம் என்று சொல்வார்களே, ஆறு அடி, பெரும்பாலும் அந்தக் கணக்கில் எழுதிய ஆழம். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் மாட்டுக்கொழுப்பை அடைத்திருப்பார்கள், தரையைத் தொட்டதும் அங்கே இருக்கும் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். அந்தப் பொடி எழுத்து அதைத்தான் சொல்கிறது: எம் என்றால் சேறு, எஸ் என்றால் மணல். ராத்திரியில் கரை தெரியாதபோது கப்பல்காரர் தன் குண்டைப் போட்டு, ஆழத்தையும் கொழுப்பில் ஒட்டியதையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, நாம் இங்கேதான் இருக்கிறோம் என்று முடிவு செய்வார். நிலத்தில் கப்பலிலிருந்து கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதும், மலபார் குன்று, கரஞ்சா மலை, ஒரு கோட்டைக் கொடிமரம். இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வந்தால் வழி சரி, விலகினால் பாறை. ஊருக்குள் எந்தத் தெரு எங்கே போகிறது என்பது அவருக்கு எதற்கு?

செம்பூர் கலா:
காலம் கண்டுபிடிக்க அடையாளங்களையே பாருங்கள். கொலாபா கலங்கரை விளக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, கொலாபா முனைக்குத் தெற்கே கடலுக்குள் பாறைமேல் நிற்கும் பிராங்ஸ் விளக்கம் 1875-ல். கொலாபாவை மும்பையோடு சேர்த்த காஸ்வே, அதாவது தண்ணீருக்குக் குறுக்கே போட்ட சாலை, 1838-ல் முடிந்தது. உங்களுடையதில் கொலாபா தனித் தீவு என்றால் அந்த அளவெடுப்பு 1838-க்கு முந்தையது. ஆனால் அச்சு பிந்தியதாக இருக்கலாம், ஏனென்றால் படத்தைச் செதுக்கிய செப்புத் தகட்டைப் பின்னாலிருந்து தட்டி, சமப்படுத்தி, திருத்திச் செதுக்கித் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். அப்புறம் கீழ் விளிம்பில், சட்டத்துக்கு வெளியே, வெளியிட்ட தேதி பொடியாக இருக்கும், லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

வரைந்தவர்களைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்தான். 1786-ல் பட்டேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கு வந்த அட்லஸ் என்ற கப்பலில் முதல் துணை அதிகாரி. வரைபடம் தப்பாக இருந்ததால் கப்பல் இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவில் தரைதட்டி உடைந்தது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அளந்து எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபடத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் டால்ரிம்பிள், மதராஸில் கம்பெனி எழுத்தராக வேலையைத் தொடங்கியவர், 1808-ல் இறந்தார். 1810-ல் அந்தப் பதவி ஹார்ஸ்பர்க்குக்கு வந்தது. தரைதட்டிய மனிதர் கையில் வரைபடங்கள் போய்ச் சேர்ந்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

தாராவி பாண்டியன்:
கலா மேடம் சொன்னது சரிதான், ஆனால் டால்ரிம்பிள், ஹார்ஸ்பர்க்கோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். வாஸ்கோ ட காமா 1498-ல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்தது ஒரு குஜராத்தி வழிகாட்டியை வைத்துத்தான் என்று போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதியிருக்கிறார். அந்த வழிகாட்டி இந்தியக் கரை முழுவதும் வரைந்த ஒரு படத்தைக் காட்டினாராம், குறுக்கும் நெடுக்கும் நெருக்கமாகக் கட்டம் போட்டது. 1835-ல் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ், குஜராத்தின் கட்ச் பகுதி மாலுமி ஒருவரின் கடல் வரைபடத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார். அதாவது கம்பெனியின் கடற்படையான பம்பாய் மரீன் ஆட்கள் செங்கடலை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் நம்மவர்கள் கையிலும் வரைபடம் இருந்திருக்கிறது.

நம் தமிழ் மாலுமிகளுக்கு இராப்பலகை இருந்தது. சின்னப் பலகை, அதன் நடுவிலிருந்து பல முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு. ஒரு முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் படுகிறதா என்று பார்ப்பார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதுதான் எந்தத் துறைமுகத்துக்கு நேரே இருக்கிறோம் என்பதற்குக் கணக்கு. இதையெல்லாம் தேடி எழுதிவைத்தவர் நம் மும்பைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் பா. அருணாசலம். இந்த ஊர்த் தமிழர்களுக்கே அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

மாட்டுங்கா வாசன்:
எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கொலாபா முனையில் விளக்கம் இருக்கிறது, பிராங்ஸ் இல்லை, கீழ் விளிம்பை யாரோ வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடும் சில எண்களும் இருக்கின்றன, அழித்துவிட்டுச் சட்டம் போடலாமா?

வாஷி மாலுமி:
தொடவே தொடாதீர்கள் சார்! கப்பலில் போகும் வழியைப் பென்சிலால்தான் குறிப்போம், அதைக் கப்பலில் யாராவது பயன்படுத்தியிருக்கலாம். லேமினேட்டும் வேண்டாம். அந்தக் கோட்டைத் தெளிவாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள், துறைமுகத்துக்குள் எந்த நீர்வழியாக வந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.