அம்மா ஜெர்மனி போகிறார், நம்ம ஊர் சீரியல் அங்கே வருமா?

பாளை மீனா:
தம்பி மனைவிக்குப் பிரசவ நேரம். அம்மா ஸ்டுட்கார்ட் போகிறார், ஷெங்கன் விசாவில் 90 நாள். புது ஊர், பாஷை தெரியாது, பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ராத்திரி 8 மணி சீரியலையாவது விடாமல் பார்க்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். ஓடிடி சந்தா என் பெயரில் இருக்கிறது, ஓடிபியும் என் நம்பருக்குத்தான் வரும். அங்கே போனால் ஆப்பில் ஒன்றும் ஓடாது என்கிறான் தம்பி. போன் இந்தியாவில் இருப்பதுபோலக் காட்டும் விபிஎன் ஆப் ஒன்றை இலவசமாகப் போட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எதை நம்புவது? அம்மாவுக்கு ஒரு பட்டனுக்கு மேல் இருந்தால் சரிப்படாது.

ரைன்கரை:
தம்பி சொல்வதுதான் சரி. தொடரோ மேட்ச்சோ, ஒளிபரப்பு உரிமையை நாடு வாரியாக விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 2018 ஏப்ரலிலிருந்து ஒரு வசதி உண்டு. ஜெர்மனியில் காசு கட்டி எடுத்த சந்தாவை ஸ்பெயினுக்குச் சுற்றுலா போனாலும் அப்படியே பார்க்கலாம். இந்தியச் சந்தாவுக்கு அது செல்லாது.

முதலில் சீரியல் எந்தச் சேனலில் வருகிறது என்று பாருங்கள். ஜீ5, சன் நெக்ஸ்ட் இரண்டுக்கும் வெளிநாட்டுச் சந்தா தனியாக இருக்கிறது. அந்தச் சேனல் என்றால் தம்பி அங்கேயே எடுத்துவிடட்டும், வேறு வழி தேடவே வேண்டாம். கோடையில் உங்கள் இரவு 8 மணி எங்களுக்கு மாலை 4.30. என் அம்மா வந்திருந்தபோது காபி டம்ளரோடு சரியாக அந்த நேரத்துக்கு உட்கார்ந்துவிடுவார்.

டவர்மணி:
தொலைத்தொடர்பில் வேலை பார்க்கிறேன். பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன் மீனா. அம்மாவின் இந்திய சிம்மில் ரோமிங் டேட்டா போட்டால், அவர் ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்திருந்தாலும் அந்த டேட்டா பொதுவாக இந்திய நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு வந்துதான் இணையத்துக்குள் போகும். ஆகவே எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்று ஆப்புக்குக் காட்டும் ஐபி முகவரி இந்தியாவுடையதாகவே இருக்கும். ஆப்பும் பெரும்பாலும் வழக்கம்போல ஓடும். வைஃபையை மட்டும் அணைத்துவிட வேண்டும். வைஃபையில் இருந்தால் ஜெர்மன் ஐபிதான்.

டேட்டாவைப் பார்த்துச் செலவழியுங்கள். குறைந்த தரத்தில் மணிக்கு 300 எம்பி போகும், எச்டி என்றால் 3 ஜிபி வரை இழுத்துவிடும். அரை மணி சீரியலுக்குக் குறைந்த தரமே தாராளம். ரோமிங் பேக்கை இங்கேயே போட்டுவிட்டுத் தரத்தையும் இங்கேயே குறைத்து வையுங்கள்.

இலவச விபிஎன் மட்டும் வேண்டவே வேண்டாம். அம்மாவின் போனில் வங்கி ஆப்பும் இருக்கும். போனின் மொத்தப் போக்குவரத்தையும் முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லதல்ல. காசு கட்டினாலும் உறுதி கிடையாது. விபிஎன் சர்வர்கள் இருக்கும் டேட்டா சென்டர்களின் ஐபிகளை ஓடிடிக்காரர்கள் பட்டியல் போட்டுத் தடுக்கிறார்கள். 2022-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னதும், பெரிய விபிஎன் நிறுவனங்கள் பல இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

பாளை மீனா:
ரொம்ப நன்றி அண்ணா. சீரியல் அந்த இரண்டு ஆப்பிலும் வராது, அதனால் ரோமிங்தான். 90 நாளைக்கும் பேக் போட்டால் செலவு எகிறுமே? வீட்டில் ஃபைபர் இருக்கிறது, நான் இங்கேதான் இருப்பேன். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

டவர்மணி:
முடியும். நம் சாதனங்களை மட்டும் தங்களுக்குள் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற ஆப்பை வீட்டு ஆண்ட்ராய்டு டிவியில் போட்டு, அந்த டிவியை எக்ஸிட் நோட், அதாவது இணையத்துக்குள் போகும் வாசல் ஆக்குங்கள். அம்மா போனிலும் அதே ஆப், அதே கணக்கு. அவர் ஆன் செய்தால் பாளையங்கோட்டை வீட்டு இணைப்பு வழியாகவே பார்ப்பார். எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் அப்லோடு போதும். டிவிக்கும் ரூட்டருக்கும் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா விதிமுறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள், இப்படிப் பார்ப்பதைச் சில சேவைகள் அனுமதிப்பதில்லை.

கிளம்பும் முன்பே அம்மா போனில் உங்கள் ஓடிபியால் லாகின் செய்து, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஓட்டிப் பாருங்கள். அவர் சிம்மின் வேலிடிட்டி 90 நாளைத் தாண்டி இருக்கட்டும், வங்கி ஓடிபிக்கு அது கட்டாயம் வேண்டும்.