இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் ஸ்டுட்கார்ட் செல்லும் அமெரிக்கத் தம்பதி: அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி: வைகைக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். என் கணவரை அவருடைய நிறுவனம் வரும் செப்டம்பரிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அனுப்புகிறது. அவர் ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நான் மதுரையில் பிறந்து, திருமணத்துக்குப் பிறகு அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். ஆக, இருவரிடமும் இருப்பது அமெரிக்கப் பாஸ்போர்ட். இருவருக்கும் ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது.

குடியேற்ற அனுமதி, விமானச் சீட்டு ஆகியவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. நான் தெரிந்துகொள்ள விரும்புவது அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி. ஹூஸ்டனில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூட வெளியே போக முடியாது. வீடு முழுவதும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். துணியை வெயிலில் காயப்போட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தப் பழக்கங்களில் எதையெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டும்? வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்றலாமா, அல்லது கட்டில், மேசை எல்லாம் உள்ள வீடாகப் பார்ப்பதா? ஹூஸ்டன் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதும் என் வேலையை அங்கிருந்தும் தொடரலாம் என்று நினைத்திருக்கிறேன், அதற்குத் தடை ஏதும் உண்டா?

"இரண்டு வருடம்தானே, ஓட்டலில் தங்குவதைப் போல இருந்துவிட்டு வந்துவிடலாம்" என்கிறார் என் கணவர். அங்கே வாழ்பவர்களும் வாழ்ந்து திரும்பியவர்களும் உங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நெக்கர்வாசி

வணக்கம் சகோதரி. உங்கள் கணவர் சொல்வது நடக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எவ்வளவு காலம் தங்கப்போகிறீர்கள் என்பது ஜெர்மானிய அலுவலகங்களுக்கும் சரி, நீங்கள் குடியிருக்கப்போகும் கட்டடத்துக்கும் சரி, ஒரு பொருட்டே அல்ல. வீட்டுக்குள் காலடி வைத்த அன்றே முழுக் குடித்தனக்காரராக உங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியின் பொதுமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று எல்லோரும் பேசிக்கொள்வது இதைத்தான். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிப்படிவம் இல்லாமல் பதிய முடியாது. அலுவலகத்தில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் ஹூஸ்டனிலிருந்தே முன்பதிவுக்கு முயன்று பாருங்கள். பதிந்த பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்தத் தபால் கைக்கு வந்து சேருவது நீங்கள் நினைப்பதுபோல் எளிதல்ல. அமெரிக்காவில் அடுக்ககங்களுக்கு வீட்டு எண் உண்டு. இங்கே பெரும்பாலும் கட்டட எண்ணோடு முகவரி முடிந்துவிடுகிறது. தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டுமே. பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நம் ஊர் வழக்கப்படி தந்தையின் பெயரே உங்கள் குடும்பப் பெயராகக் கடவுச்சீட்டில் இருந்தால், கணவருடைய குடும்பப் பெயரோடு உங்கள் பெயரையும் தபால் பெட்டியிலும் அழைப்புமணிப் பலகையிலும் முதல் நாளே போடச் சொல்லுங்கள். வரி எண் வந்து சேராவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கப்படலாம். பிறகு அதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் அதே பெட்டிக்குத்தான் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை, வீடு இருந்தாலே கட்டணம் உண்டு.

வீட்டைப் பொறுத்தவரை, இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டில், மேசையோடு கூடிய வீடே நல்லது. வாடகை கூடுதல்தான். ஆனால் இங்கே வெறும் வீடு என்றால் உண்மையிலேயே வெறும் வீடு: பல இடங்களில் சமையலறையில் தண்ணீர்க் குழாய் இணைப்பும் மின் இணைப்பும் மட்டுமே இருக்கும், அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முன்பிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கூரையிலிருந்து இரண்டு மூன்று கம்பிகள் தொங்கிக்கொண்டிருக்கும். முன்பணமாக, வெப்பச் செலவு முதலியவை சேராத வாடகையில் மூன்று மாதத் தொகை வரை கேட்கலாம் என்பது சட்டம்; அதை மூன்று தவணைகளாகச் செலுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலம் வரை காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அது இல்லாவிட்டால் மூன்று மாத முன்னறிவிப்பு போதும்.

ஹூஸ்டன் மின்சாதனங்களைக் கப்பலில் ஏற்ற வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் உள்ள சாதனங்களுக்கு அது ஒத்துவராது. ஆனால் மதுரையில் உங்கள் அம்மா வீட்டில் இருக்கும் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே அப்படியே ஓடும், பிளக்குக்கு மட்டும் எர்த் இணைப்புள்ள அடாப்டர் போதும். ஊருக்குப் போய் வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள். ஏசியை மறந்துவிடலாம், பெரும்பாலான வீடுகளில் கிடையாது. ஸ்டுட்கார்ட் நகரம் ஒரு பள்ளத்துக்குள் இருப்பதால் ஜூலையில் காற்றே அசையாத இரவுகள் உண்டு. பகலில் சன்னலுக்கு வெளியே இருக்கும் சுருள் கதவை இறக்கிவைத்து, இரவில் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட வேண்டும். குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை சன்னலை முழுவதும் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும். விடாமல் சுவரில் பூஞ்சை பிடித்தால் பொறுப்பு குடியிருப்பவர் தலையில்தான் வந்து விழும்.

எங்கள் ஊரின் சிறப்பு கேர்வோஹே எனப்படும் துப்புரவு வாரம். 1492ஆம் ஆண்டின் நகரச் சட்டத்திலிருந்து தொடங்கியது என்பார்கள். நகராட்சி விதியாக இருந்த கட்டாயத்தை 1988இல் நீக்கிவிட்டார்கள், ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் முறை வரும் வாரத்தில் ஒரு சிறு பலகை உங்கள் கதவில் தொங்கும். உங்கள் தளத்துப் படிக்கட்டைத் துடைத்து முடித்து, அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். பெரிய முறை என்று இன்னொன்று உண்டு. அதில் வாசல் நடைபாதை, நிலவறை வழி எல்லாம் சேரும், பனி பெய்தால் வார நாட்களில் காலை 7 மணிக்குள் வழித்திருக்க வேண்டும். எங்கள் கட்டடத்து மூதாட்டி ஒருவர் துடைத்து முடித்ததும் மிதியடியைச் சுவரில் சாய்த்து நிற்க வைப்பார். தரை காய்வதற்காக என்பது ஒரு காரணம். துடைத்தாயிற்று என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. நீங்களும் அப்படியே செய்யுங்கள், பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், சில மணி நேரம் திறக்கும் ரொட்டிக்கடைகள் மட்டுமே விதிவிலக்கு. துளையிடுவது, கண்ணாடிப் புட்டிகளைப் பொதுத் தொட்டியில் போடுவது எல்லாம் அன்றைக்குக் கூடாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை தினமும் அமைதி நேரம். இட்லி மாவு அரைப்பதைச் சனிக்கிழமை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பதில்: இருநாட்டுக்கணக்கன்

நெக்கர்வாசி ஜெர்மனி எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். அமெரிக்கா உங்களை விடாது என்பதை நான் சொல்கிறேன். நாங்கள் நியூ ஜெர்சியிலிருந்து மியூனிக் சென்று சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய தம்பதி.

அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் அமெரிக்க வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜெர்மனியில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி இருப்பதால் பெரும்பாலும் கூடுதலாக எதுவும் கட்ட வேண்டியிராது, ஆனால் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கில்லை. வெளிநாட்டில் வசிப்போருக்குக் கெடு ஏப்ரல் 15க்குப் பதிலாக ஜூன் 15. கட்ட வேண்டிய வரி ஏதாவது இருந்தால் அதற்கு வட்டி ஏப்ரலிலிருந்தே ஓடும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், அதைத் தனியாக அமெரிக்க நிதித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பளமும் முன்பணமும் ஒரே கணக்கில் சேரும் முதல் மாதத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். இந்தச் சட்டங்களின் சுமையால் சில ஜெர்மானிய வங்கிகள் அமெரிக்கர் என்றாலே தயங்குகின்றன. சாதாரணச் சம்பளக் கணக்கு கிடைத்துவிடும். முதலீட்டுக் கணக்கு வேண்டாம். ஐரோப்பியப் பரஸ்பர நிதிகளை அமெரிக்க வரித்துறை நடத்தும் விதம் கொடுமையானது, இரண்டு ஆண்டுகளுக்காக அந்த வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

உங்கள் வேலை குறித்து நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மடிக்கணினி ஹூஸ்டன் நிறுவனத்துடையது, சம்பளம் டாலரில் வருகிறது என்பதால் அது அமெரிக்க வேலை ஆகிவிடாது. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் ஜெர்மனி. எனவே ஜெர்மானிய வரியும் சமூகக் காப்பீடும் கேள்விக்கு வரும். கணவரோடு சேர்ந்து பெறும் வசிப்பு அனுமதியில் வேலை செய்யும் உரிமை பொதுவாக உண்டு, ஆனால் அந்த அனுமதி கைக்கு வரும் வரை தொடங்கக் கூடாது. உங்கள் நிறுவனம் ஜெர்மனியில் முதலாளியாகப் பதிந்துகொள்ளச் சம்மதிக்குமா என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள். உங்கள் கணவருக்குச் சமூகக் காப்பீட்டில் இந்தச் சிக்கல் இல்லை: அமெரிக்க நிறுவனமே சம்பளம் கொடுத்து அனுப்புவதானால், இரு நாட்டு ஒப்பந்தப்படி ஐந்து ஆண்டுகள் வரை அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பிலேயே தொடரச் சான்றிதழ் வாங்கலாம்.

இன்னொன்று, அவர் கத்தோலிக்கர் என்றீர்கள். முகவரி பதியும் படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் தேவாலய வரி சம்பளத்திலிருந்தே போகும். ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் அது வருமான வரியில் 8 விழுக்காடு. பிறகு திருச்சபையிலிருந்து விலக வேண்டுமென்றால் அரசு அலுவலகத்தில் முறைப்படி விலக வேண்டும், அதை ஜெர்மானிய ஆயர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. விலகியவருக்கு நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்ற திருவருட்சாதனங்கள் இல்லை என்று 2012இல் ஆணையே பிறப்பித்தார்கள். ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவராக இருந்தால் யோசித்தே முடிவெடுக்க வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு நிரப்புகிற கட்டம் அல்ல அது.

பதில்: ரைன்கரையான்

நான் இருப்பது ஜேர்மனியில் அல்ல, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். இங்கே ஒரு குடியிருப்பைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். மருந்து நிறுவனங்களுக்கு வரும் அமெரிக்கத் தம்பதிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எங்கள் கட்டடத்தில் குடியிருப்பது வழமை என்பதால், மறுபக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அயலவர்கள் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை பொதுச் சலவை அறையைப் பற்றியவை. இங்கே சலவை இயந்திரம் நிலவறையில் இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று அட்டவணை தொங்கும். அடுத்தவர் நாளில் ஒரு துவாயைப் போட்டாலும் பிரச்சினைதான். உலர்த்தும் இயந்திரத்தில் சேர்ந்த பஞ்சை எடுக்காமல் போனால் அதைப் பற்றி ஒரு துண்டுக் கடிதம் ஒட்டப்பட்டிருக்கும், பெயர் இல்லாமல். அமெரிக்கர்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்து மனம் உடைந்துவிடுகிறார்கள். எழுதியவர் மறுநாள் படிக்கட்டில் சிரித்து வணக்கம் சொல்வார், அவருக்கு அது முடிந்துபோன விடயம். ஆகவே சகோதரி, குடியேறிய கிழமையே ஒவ்வொரு கதவாகத் தட்டி, இருவரும் சேர்ந்து போய் உங்களை அறிமுகப்படுத்துங்கள். புதிதாக வருபவர்தான் முதலில் வர வேண்டும் என்று இவர்கள் எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவில் அயலவர் பலகாரத்தோடு வருவார் என்று காத்திருந்து, ஒருவரும் வரவில்லை என்று வருந்தியவர்களைக் கண்டிருக்கிறேன்.

வீட்டை ஒப்படைக்கும் நாளைப் பற்றியும் இப்போதே நினையுங்கள். உள்ளே போகும் அன்று சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலையும் படம் பிடித்து, ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் வாதாட உங்களுக்கு நேரம் இருக்காது.

வைகைக்கரையாள்

மூவருக்கும் மிக்க நன்றி. பதில்களை என் கணவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஓட்டல் பேச்சை நிறுத்திவிட்டார், தேவாலய வரியைப் பற்றி மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். கார் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் டெக்சஸ் ஓட்டுநர் உரிமம் செல்லுமா? உடம்புக்கு முடியாவிட்டால் என்ன செய்வது?

பதில்: நெக்கர்வாசி

முதல் ஆறு மாதங்களுக்கு டெக்சஸ் உரிமத்தோடு ஓட்டலாம். பிறகு ஜெர்மானிய உரிமமாக மாற்ற வேண்டும். டெக்சஸோடு முழு உடன்பாடு இருப்பதால் தேர்வு இல்லை. கலிபோர்னியாக்காரர்கள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது, அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். மாற்றும்போது டெக்சஸ் உரிமத்தை அலுவலகத்தார் வாங்கிவைத்துக்கொள்வது வழக்கம், ஊர் திரும்புவதற்கு முன் அதைக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் நகருக்குள் குடியிருந்தால் கார் தேவைப்படாது. மாதச் சந்தாவாக வாங்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் நாடு முழுவதும் நகர ரயில், பேருந்து, வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும், நெடுந்தூர ரயில்களுக்கு மட்டும் செல்லாது. மாரியன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோஹுக்கு மலையேறும் பல்சக்கர ரயிலில்கூட அதே டிக்கெட்டில் போகலாம். 1884இல் ஓடத் தொடங்கிய தடம் அது.

உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் போக வேண்டும். அவரை ஆரோக்கியமாக இருக்கும்போதே தேடிப் பதிந்துகொள்ளுங்கள். இரவிலும் வார இறுதியிலும் 116117 என்ற எண்ணை அழைக்கலாம், உயிருக்கு ஆபத்தென்றால் 112. தலைவலி மாத்திரைகூட மருந்தகத்தில் மட்டுமே கிடைக்கும், அதுவும் சிறு அட்டைகளாக. ஹூஸ்டனில் வாங்கும் நூற்றுக்கணக்கான மாத்திரைகள் கொண்ட புட்டி இங்கே எந்தக் கடையிலும் இருக்காது.