பனியாற்றடியில் ஒரு கொட்டாஞ்சேனைக்காரர்

நானும் இவரும் கொழும்பு வெள்ளவத்தையை விட்டு அதிகம் நகராத ஆட்கள். போன செப்டெம்பரில் கனடாவில், கல்கரியில் இருக்கும் மகளிடம் போனபோதுதான் பனியாறு என்பதைக் கண்ணால் கண்டோம்.

விடிய ஐந்து மணிக்கே மருமகன் காரை எடுத்துவிட்டார். மொரெய்ன் ஏரிக்கு இப்போது சொந்தக் கார்களை விடுவதில்லை, பஸ்ஸுக்கு முன்பதிவு வேண்டும். நாங்கள் செய்யவில்லை, ஆகவே அது இல்லை. லூயிஸ் ஏரியில் ஒரே சனம். அங்கிருந்து ஜாஸ்பர் வரை 230 கிலோமீட்டர் மலைப்பாதை, பெரும்பகுதியில் போனுக்குச் சிக்னல் கிடையாது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க முடியாமல் இவர் வழியெல்லாம் முனகினார்.

பெய்ட்டோ ஏரியை மேலே நின்று பார்த்ததும் அவரும் அடங்கிவிட்டார். வெள்ளைத்துணிக்கு நீலம் கரைத்த வாளி மாதிரி ஒரு நிறம். பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைக்கிறதாம். அந்த மா உருகிய நீரோடு வந்து, அடியில் படியாமல் மிதப்பதால்தான் வெயிலில் இந்த நீலம் என்றாள் மகள். கொழும்பில் நம்முடைய பேரை வாவிக்கும் நிறம் இருக்கிறது, அது பாசி தந்த பச்சை.

அப்புறம் அதபாஸ்கா பனியாறு. பனியின் மேலிருந்து இறங்கிவரும் காற்றுக்கு என் நுவரெலியா ஸ்வெட்டர் ஒன்றுமே செய்யவில்லை. பனியை நோக்கி நடக்கும் பாதையில் ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கின்றன. அந்தந்த ஆண்டில் பனியின் விளிம்பு அதுவரை இருந்ததாம். 1992 என்ற பலகையில் மகள் நின்றுவிட்டாள், அவள் பிறந்த வருடம். அங்கிருந்து பனியைத் தேடி இன்னும் எவ்வளவோ நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். மேலே பனி மூடிய வெடிப்புகளில் விழுந்து செத்தவர்கள் உண்டு.

கயிற்றைத் தாண்டிப் படம் எடுக்கப் போன இவரை நான் ஏசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: “தங்கச்சி கொழும்போ?”

எழுபது தாண்டிய மனுசர். கொட்டாஞ்சேனையாம், 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவராம். பிளாஸ்க்கைத் திறந்து இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்றித் தந்தார். அந்தக் குளிரில் அதுக்கு ஈடே இல்லை.

“நான் முதல் வந்த நேரம் உங்கட மகள் நிண்ட இடமெல்லாம் பனிதான். ஊரில இருந்து ஆர் வந்தாலும் இங்க கூட்டிக்கொண்டு வாறனான். ஒவ்வொருக்காவும் கூட நடக்கவேண்டிக் கிடக்கு.”

பிறகு மெதுவாகக் கேட்டார்: “பேரை வாவி இப்பவும் பச்சையோ?”

சரி, வந்து படம் அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டேன். போன கிழமைதான் வாவிக்கரையில் கங்காராம விகாரைப் பக்கம் போய் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்.

“அதே பச்சை. மணம்தான் வரேல்ல.”