ஆட்டோமேட்டிக் டீசல் எஸ்யூவியில் ஆர்பிஎம் திடீரென ஏறுகிறது, கியர் தானாகக் குறைகிறது

கேள்வி: ஆழியாறு வாசி

அனைவருக்கும் வணக்கம். பிஎஸ்6 மாசு விதிக்கு உட்பட்ட டீசல் எஞ்சினும், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் பாகம்) வகையைச் சேர்ந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் கொண்ட எஸ்யூவி என்னிடம் உள்ளது. வண்டி 60,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. சில மாதங்களாக, நான் எதிர்பாராத வேளைகளில் எஞ்சின் சுற்று உயர்வதைக் கவனித்து வருகிறேன்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது, வளைவுக்கு முன் ஒருமுறை பிரேக்கை அழுத்தினாலே கியர் மூன்றிலிருந்து இரண்டுக்குத் தானாக இறங்கிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலேயே எஞ்சின் சுற்றைக் (ஆர்பிஎம்) காட்டும் டேகோமீட்டர் முள் 3,500ஐத் தொடுகிறது. சமவெளியில் 80 கி.மீ. வேகத்தில் வழக்கமாக 1,500இல் நிற்கும் முள், சில நாட்களில் 1,900க்கு ஏறி, கால் மணி நேரம் வரை அங்கேயே நின்று, பிறகு தானாக இறங்குகிறது. இவை தவிர, காலையில் வண்டியை எடுத்த முதல் சில நிமிடங்களில், இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் கணத்தில் முள் மேலே துள்ளி இறங்குகிறது. உடனே முதுகில் ஓர் உதையும் தெரிகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைக்கூட இணைக்காமல், "ஆட்டோமேட்டிக் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவற்றில் எது இயல்பு, எது பழுது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: நெடுஞ்சாலைப் பயணி

நண்பருக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல என்பதே என் கருத்து. ஆர்பிஎம் ஏறுவதைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏறிய சுற்று சக்கரத்தோடு பிணைந்து நிற்கிறதா, அல்லது சக்கரத்துக்குத் தொடர்பின்றி எஞ்சின் மட்டும் தனியாகச் சுழல்கிறதா? பிணைந்து நின்றால், பெட்டி தெரிந்தே கீழ்க் கியரைத் தேர்ந்திருக்கிறது. தனியாகச் சுழன்றால், உள்ளே ஏதோ ஒரு கிளட்ச் வழுக்குகிறது.

மலை இறக்கத்தில் நிகழ்வது முதல் வகை. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் கூடுவதையும் நீங்கள் பிரேக் பிடிப்பதையும் வைத்து, இது இறக்கம் என்று பெட்டியின் கணினி கணித்து, எஞ்சின் பிரேக்கிங்குக்காகக் கியரைக் குறைக்கிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் பிரேக் சூடேறிப் பிடிப்பு இழக்காமல் இருக்க இதுவே பாதுகாப்பு. அப்போது எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள்தான். இன்ஜெக்டர்கள் டீசல் பாய்ச்சுவதையே நிறுத்தியிருக்கும். உடனடி மைலேஜ் காட்டும் வசதி இருந்தால் பாருங்கள், 3,500 ஆர்பிஎம்மிலும் செலவு சுழியம் என்று காட்டும். சத்தத்துக்கு அஞ்சி நியூட்ரலுக்குத் தள்ளிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டு டன் எடையை வெறும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டிவரும்.

சமவெளியில் தெரியும் 1,900ஐக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் கியர் விகிதங்கள் அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு, பல நிறுவனங்களின் வண்டிகளில் பயன்பட்ட இசட்எஃப் 6எச்பி பெட்டியில் ஐந்தாம் கியரின் விகிதம் 0.87, ஆறாம் கியருடையது 0.69. ஆறில் 1,500 சுற்று ஓடும் வேகத்தில் ஐந்துக்கு இறங்கினால், 1,500ஐ 0.87ஆல் பெருக்கி 0.69ஆல் வகுக்க, ஏறத்தாழ 1,890 வரும். நீங்கள் பார்த்த எண்ணும் அதுதான். உங்கள் பெட்டியின் விகிதங்களைப் போட்டும் கணக்கு பொருந்தினால், வண்டி ஐந்தாம் கியரில் நிற்கிறது, எதுவும் வழுக்கவில்லை என்று கொள்ளலாம். 1,650, 1,720 என்று எந்தக் கியருக்கும் பொருந்தாத எண்ணில், ஒரே வேகத்தில் முள் அலைந்துகொண்டிருந்தால்தான் டார்க் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தில் ஏன் நிற்கிறது என்பதற்கு என் ஊகம் டிபிஎஃப், அதாவது புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிகளால் டீசல் கார்களில் இந்த வடிகட்டி வந்துவிட்டது. அதில் சேரும் கரியை அவ்வப்போது 600 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் எரித்தாக வேண்டும். அந்த வெப்பத்தைப் பெறுவதற்காகப் பல வண்டிகள் சுற்றை உயர்த்தி, மேல் கியருக்கு மாறுவதைத் தள்ளிப்போடுகின்றன. அடுத்த முறை 1,900 தெரியும்போது, ஓரமாக நிறுத்தி ஐடில் சுற்றைப் பாருங்கள். வழக்கத்தைவிட இருநூறு போலக் கூடியிருந்து, ரேடியேட்டர் விசிறியும் பலமாக ஓடினால், காரணம் அதுவே. பார்த்ததும் எஞ்சினை அணைக்காமல் கிளம்பி, அது முடியும்வரை ஓட்டிவிடுங்கள். பாதியில் அணைப்பது வாடிக்கையானால் வடிகட்டி அடைபடும். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும்.

பதில்: கியர்பெட்டிப் பட்டறை

மேலே நண்பர் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆட்டோமேட்டிக் பெட்டிகளைப் பிரித்து வேலை செய்பவன் என்பதால் மூன்றாவது அறிகுறியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான்.

இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு கிளட்ச் விடுபடும் அதே கணத்தில் மற்றொன்று பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டியதற்கு எண்ணெய் அழுத்தம் தாமதமாக வந்தால், இடைப்பட்ட அந்த நொடியில் எஞ்சினுக்குச் சுமையே இருக்காது, முள் துள்ளும். பிறகு கிளட்ச் சட்டென்று பிடிப்பதைத்தான் நீங்கள் உதையாக உணர்கிறீர்கள். ஒவ்வொரு துள்ளலிலும் கிளட்ச் தகடு கொஞ்சம் கருகுகிறது. ஆகவே இதை "இயல்பு" என்று ஒருவர் சொன்னால் ஏற்காதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய், எவ்வளவு இருக்கிறது என்பது. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அளவுக்குச்சியே கிடையாது. சமதளத்தில் வண்டியை உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய்த் திரும்பி, எண்ணெயின் வெப்பம் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் இருப்பதை ஸ்கேனரில் உறுதி செய்துகொண்டு, அளவுத் துளையின் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் மெல்லியதாக வழிந்தால் அளவு சரி. ஒரு சொட்டும் வராவிட்டால் குறைவு. இந்த வேலையைச் செய்யாமல் "ஆயில் ஃபுல்லாக இருக்கிறது" என்று எவரும் சொல்ல முடியாது. வழிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பு சற்று மங்கியிருந்தால் பயமில்லை. கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால், கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது.

எண்ணெய் மாற்றச் சொன்னால், இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவும் முறைக்கு அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். வடித்து நிரப்பும் முறையே போதும். டார்க் கன்வெர்ட்டரில் பழைய எண்ணெய் தங்கிவிடும் என்பதால், இடைவெளி விட்டு மீண்டும் ஒருமுறை வடித்து நிரப்பலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரக்குறியீடு கொண்ட ஏடிஎஃப்பைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள்.

ஆழியாறு வாசி

இருவருக்கும் நன்றி. முள் 1,900இல் நின்றபோது ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். ஐடில் 800க்குப் பதிலாக 1,000இல் இருந்தது, விசிறியும் முழு வேகத்தில் ஓடியது. கையேட்டிலுள்ள விகிதங்களை வைத்துக் கணக்கிட்டாலும் ஐந்தாம் கியர்தான் வருகிறது. வேறொரு பட்டறையில் வண்டியை உயர்த்திப் பார்த்தபோது, ஏடிஎஃப் கூலருக்குச் செல்லும் குழாயின் இணைப்பில் எண்ணெய்க் கசிவும் அதன்மேல் படிந்த தூசியும் தெரிந்தன. அளவுத் துளையில் எண்ணெய் வரவில்லை. துணியில் தொட்டதில் பழுப்பு கலந்த சிவப்பு; கருகல் வாடை இல்லை. ஸ்கேனரிலும் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. சீலை மாற்றி எண்ணெய் நிரப்பினால் போதுமா, அல்லது கிளட்சுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியையும் பார்க்கச் சொல்ல வேண்டுமா?

கியர்பெட்டிப் பட்டறை

வாடை இல்லை என்பது நல்ல செய்தி. இப்போதைக்கு வால்வ் பாடியைத் தொட வேண்டாம். சீலை மாற்றி, வடித்து நிரப்பி, அதன் பிறகு ஸ்கேனர் வழியாகப் பெட்டியின் கணினி ஓட்டத்தில் தானாகக் கற்றுச் சேமித்த அடாப்டேஷன் அளவுகளை அழிக்கச் சொல்லுங்கள். குறைந்த எண்ணெயோடு ஓடிய காலத்தில் கணினி தன் அழுத்தக் கணக்குகளை அதற்கேற்ப மாற்றி வைத்திருக்கும். அவற்றை அழிக்காவிட்டால் புதிய எண்ணெயிலும் உதை தொடரலாம். அழித்தபின் ஆக்ஸிலரேட்டரை மிதமாக அழுத்தி, எல்லாக் கியர்களும் ஏறி இறங்கும்படி ஓட்டுங்கள். ஆரம்பத்தில் மாற்றம் சற்று முரடாக இருந்தால் பதற வேண்டாம். வண்டி இரவு முழுவதும் நின்று குளிர்ந்த ஒரு காலையில், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் கணத்தைக் கைபேசியில் காணொளியாக எடுத்து இங்கே போடுங்கள். அப்போதும் முள் துள்ளினால், அடுத்து சோலனாய்டுகளின் (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வுகள்) அழுத்த அளவைப் பார்க்கலாம்.