திருகோணமலையில் கடலோரமாக ஒரு சிறிய கலியாணம்: எந்தக் கரை, எந்த நேரம்?

கேட்டவர்: சித்தப்பா

வணக்கம். என் அண்ணரின் மகளுக்கு வருகிற ஆவணியில் கலியாணம் செய்வதாகத் தீர்மானித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணம், நாங்கள் திருகோணமலை. இரு பக்கமும் சேர்த்து நாற்பத்தைந்து பேருக்கு மேல் அழைப்பதில்லை என்று பிள்ளைகள் இருவரும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். மண்டபம் வேண்டாம், பிறந்து வளர்ந்த ஊரின் கடலோரத்திலேயே தாலி ஏற வேண்டும் என்பது பெறாமகளின் விருப்பம். நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்று மணலில் பூவளைவு கட்டி, மாலை வெயில் சாயும் நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. எங்கள் அம்மாவோ ஐயரும் ஓமமும் அம்மியும் இல்லாமல் அது கலியாணமே இல்லை என்கிறார்.

முறைப்படி நடக்கும் கிரியையைக் கடலோரத்தில் நடத்தியவர்கள் யாரேனும் இருந்தால், இடத்தையும் நேரத்தையும் எப்படித் தெரிந்தெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். எழுத்தையும் (விவாகப் பதிவையும்) அதே இடத்தில் அதே நாளில் வைக்கலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன். எண்பது வயதைத் தாண்டிய மூவர் வருகிறார்கள் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

உவர்மலைவாசி:

ஐயா, விடுதிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு திசைகாட்டியோடு அந்த மணலில் போய் நில்லுங்கள். மணமக்கள் கிழக்கு முகமாக அமர வேண்டும் என்றுதான் உங்கள் ஐயரும் சொல்வார். நிலாவெளி, உப்புவெளி, நகரத்தின் டச்சுக்குடா ஆகிய எல்லாமே கிழக்கே கடலைப் பார்த்த கரைகள். அங்கே மணவறை போட்டால் பிள்ளைகள் கடலைப் பார்த்து இருப்பார்கள்; வந்தவர்களோ ஒன்றில் அவர்களுடைய முதுகைப் பார்க்க வேண்டும், அல்லது அலைக்கு முதுகைக் கொடுத்து ஈர மணலில் இருக்க வேண்டும். மணமக்களின் பின்னால் கடல் தெரியும்படி பூவளைவு வைப்பது மோதிரம் மாற்றும் சடங்குக்குச் சரி. ஓமகுண்டம் வைத்தால் அந்த அமைப்பு ஒரேயடியாகத் தலைகீழாகிவிடும்.

திருகோணமலை நகரம் இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். உட்துறைமுகக் கரையில் மணவறை அமைத்தால், கிழக்கு முகமாக இருக்கும் மணமக்களின் முதுகுப்புறம் தண்ணீர் தானாகவே வந்துவிடும். வந்தவர்கள் மேற்கே பார்த்து இருப்பார்கள். அவர்களுக்கு மணமக்களும், அவர்களுக்குப் பின்னால் அலையில்லாத துறைமுகமும், அதற்கும் அப்பால் சீனன்குடாப் பக்கத்து மரங்களும் ஒரே பார்வையில் அகப்படும். காலை முகூர்த்தமாக இருந்தால் வெயில் சபையின் முதுகில் விழும். மணமக்களின் முகத்தில் விழும் வெயிலைப் பந்தலின் முன்தாழ்வாரம் மறைத்துக்கொள்ளும். மாலையில் வைத்தால், மறையும் சூரியன் சபையின் கண்ணைக் குத்தும். நான் என் தம்பியின் கலியாணத்தை இந்த அமைப்பில்தான் நடத்தினேன். படமெடுத்தவரும் ஒரு விளக்கைக்கூட நட வேண்டியிருக்கவில்லை.

இனிக் காற்று. ஆவணியில் வாடைக்காற்று இல்லை, மழையும் பெரும்பாலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்தக் கரையில் வெளிக் கலியாணம் வைப்பவருக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் ஆவணியில் கச்சான் காற்று இருக்கிறது. அது மேற்கிலிருந்து, அதாவது துறைமுகத் தண்ணீருக்கு மேலாக நேரே உங்கள் மணவறையின் முதுகுக்கு வரும். விடியற்காலையில் படுத்துக் கிடக்கும் அந்தக் காற்று, பத்து மணிக்குப் பிறகு கூறைச் சேலையின் தலைப்பைத் தலைக்கு மேலே தூக்கும். ஆகவே முகூர்த்தத்தை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் கேட்டு வாங்குங்கள். மணவறையின் பின்பக்கத்தை இடுப்பளவுக்கு மட்டும் தென்னோலைத் தட்டியால் மறைத்தால், அமர்ந்திருக்கும் ஐயரின் நெருப்பு நிற்கும், நின்று பார்ப்பவருக்குத் தண்ணீரும் தெரியும்.

இடத்தின் உரிமையையும் கேட்டு அறியுங்கள். உட்துறைமுகக் கரையில் வெறுமையாகத் தெரியும் காணி எல்லாம் பொதுக்காணி அல்ல. துறைமுக அதிகார சபைக்கும் கடற்படைக்கும் உரியவை ஏராளம். வளவு கரை வரைக்கும் இறங்கும் தனியார் வீடு அல்லது சிறு விடுதி ஒன்றைப் பிடிப்பதே தலையிடி இல்லாத வழி. வானிலிருந்து படமெடுக்கும் ட்ரோனை மறந்துவிடுங்கள். ஒரு பக்கம் கடற்படைத் தளமும் மறுபக்கம் சீனன்குடா விமானத்தளமும் இருக்கும் ஊரில் அதற்கு அனுமதி தேடி அலைவதை விட, உவர்மலை மேட்டிலிருந்து ஒரு படம் எடுப்பது இலகு.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பல காலம் இந்தக் கடதாசிகளோடு இருந்தவன். விவாகப் பதிவாளரைத் தமது அலுவலகத்துக்கு வெளியே வரவழைக்கலாம், ஆனால் அதற்கென உத்தரவுப் பத்திரம் பெற வேண்டும். சாதாரண முறையில் அறிவித்தல் கொடுத்தால், அது பதியப்பட்டு 12 நாள் கழிந்த பிறகே பத்திரம் கிடைக்கும். பத்திரத்துக்கும் 3 மாத ஆயுள்தான். ஆகவே சித்திரையிலேயே எல்லாவற்றையும் முடித்து வைப்போம் என்று அவசரப்பட்டால், ஆவணிக்குள் அது காலாவதியாகிவிடும்.

பதிவாளர் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில்தான் எழுத்து வைக்கலாம். விடுதிக்காரர் சொல்லும் ‘சூரியன் மறையும் வேளைக் கையெழுத்து’ இதனால் அடிபட்டுப் போகிறது, ஏனென்றால் ஆவணியில் நம் ஊரில் சூரியன் மறைவதே ஆறு மணி தாண்டித்தான். ‘திறந்த கதவு’, அதாவது யாவரும் வந்து பார்க்கக்கூடிய திறந்த இடமாக இருப்பதும், சாட்சிகள் இருவர் நேரில் நிற்பதும் கட்டாயம். துறைமுகத்தில் படகுக்குள் இருந்து கையெழுத்திடப் போகிறோம் என்று ஒருமுறை ஒரு மாப்பிள்ளை என்னிடம் வந்தார். கதவே இல்லாத இடத்தில் திறந்த கதவை நான் எங்கே தேடுவது என்று கேட்டு அனுப்பினேன்.

தாலி கட்டி, அருந்ததி பார்த்து, அறுகரிசி போட்டு முடிந்த கையோடு, பந்தலின் ஓரமாக ஒரு மேசை போட்டு எழுத்தை வைப்பது சிறப்பு. பதிவுப் புத்தகத்தின் மீது கனமான ஏதேனும் ஒன்றை வையுங்கள்; வெற்றிலைத் தட்டம் போதும்.

நாள் பார்க்கும்போது இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணம் என்கிறீர்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடந்து ஆவணி அமாவாசையில் தீர்த்தத்தோடு நிறைவடையும். கொடியேறிய பிறகு அந்தப் பக்கத்து முதியவர்கள் ஊரை விட்டு அசைய மாட்டார்கள். அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறையைப் பிடியுங்கள். அதன் முடிவில் வரும் போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறையில்) மட்டும் வரவேற்பு வைக்காதீர்கள், மது இறைச்சி விற்பனை நிறுத்தப்பட்டிருக்கும். சைவச் சாப்பாடு மட்டும்தான் என்றால் அதுவும் பொருட்டல்ல.

கோணேசர் வீதியாள்:

இருவரும் பெரிய காரியங்களைச் சொல்லிவிட்டார்கள். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன் அண்ணா. என் மகளின் கலியாணத்துக்கு முதல்நாள் இரவே வாசலில் குலை வாழை நட்டு, மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டுப் படுத்தோம். விடிய நான்கு மணிக்கு எழும்பிப் பார்த்தால், பிரெட்றிக் கோட்டைப் பக்கத்து மான்கள் ஏழெட்டு நின்று வாழையிலையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன. பெரிய கொம்பன் ஒன்றின் கொம்பில் எங்கள் தோரணம் தொங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு இரண்டு மணித்தியாலம் இருக்கையில், அயல்வீட்டு வளவில் வாழை வெட்டினோம். பச்சையாக உள்ளவற்றை விடிந்த பிறகு கட்டுங்கள், அல்லது இரவில் ஓர் ஆளைக் காவலுக்கு விடுங்கள்.

முதியவர்கள் மூவர் என்கிறீர்கள். எங்களுக்குக் கதிரை வாடகைக்குத் தந்தவர் ஒல்லிக்கால் பிளாஸ்ரிக் கதிரைகளை அனுப்பிவிட்டார். மாமி அமர்ந்ததும் பின்கால்கள் இரண்டும் மணலில் புதைந்து, அவர் மெல்லச் சாய்ந்து வானத்தைப் பார்த்தபடி கிடந்தார்; அடி எதுவும் படவில்லை, ஆனால் கலியாணம் முடியும்வரை அவர் யாரோடும் கதைக்கவில்லை. முன்வரிசைக்குக் கீழே பலகை போட்டு, அதற்கு மேல் பாய் விரியுங்கள். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து மணவறை வரைக்கும் அதே பலகைப் பாதை வேண்டும். குத்துவிளக்கின் திரி காற்றில் நிற்காது, ஆதலால் நிறைகுடத்தின் இருபக்கமும் வைக்கும் விளக்குகளுக்குச் சிமிலி (கண்ணாடிக் கூடு) போட்டுவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், அணைந்த விளக்கைப் பார்த்து உங்கள் அம்மா கலங்குவதை விட அது மேல்.

சித்தப்பா (கேட்டவர்):

மூவருக்கும் நன்றி. நேற்று பெறாமகளோடு தொலைபேசியில் கதைத்தேன். திசை விடயத்தைச் சொன்னதும் அவளே நிலாவெளியைக் கைவிட்டுவிட்டாள். உட்துறைமுகக் கரையில் எங்கள் உறவினர் ஒருவரின் வளவு இருக்கிறது, நாற்பத்தைந்து பேருக்குப் போதும். ஐயர் வளர்பிறையில் காலை 7.40க்கு ஒரு முகூர்த்தம் இருப்பதாகச் சொல்கிறார். ஒன்று மட்டும் தெளிவில்லை: நாதஸ்வரக்காரர் ஐந்து மணிக்கே தொடங்கலாமா?

உவர்மலைவாசி:

நாதஸ்வரமும் தவிலும் தாமாக ஒலிப்பதை எவரும் தடுக்கப் போவதில்லை. ஒலிபெருக்கி பூட்டுவதானால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும், அதுவும் காலை 6 மணிக்குப் பிறகுதான். உட்துறைமுகத்தில் விடியற்காலைத் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். ஒலிபெருக்கி இல்லாமலே தவிலோசை எதிர்க்கரைக்குப் போய்ச் சேரும். அந்தச் செலவை வெட்டி, இன்னும் இரண்டு பலகை வாங்குங்கள்.